மட்டை மட்டும் ஏறாத பேருந்து

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மையார் ஐலீன் ஹென்ஹாக் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, நான் எங்கே தவறுவேன் என்று பார்த்துக்கொண்டிருக்கும் குலத்தாய்மார்களே! அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவர்களுக்குப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைவர்களே! ஆமை, ஓநாய், கரடிக் குலங்களின் பெரியோர்களே! சமையற்கட்டில் சோள சூப்பைக் கிண்டியபடி காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பியிருக்கும் தாய்மார்களே! ஐம்பத்தைந்து மைல் கடந்து வந்திருக்கும் மார்ஸ்டன் நகர விருந்தினர்களே! நாளை இரண்டு மணிக்கு ஆட வேண்டியிருந்தும், இன்று மூன்றாவது பொரித்த ரொட்டியைத் தட்டில் வைத்திருக்கும் நாரைகள் அணியின் இளைஞர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எல்லாச் சொல்லுக்கும் முந்திய நன்றிச் சொற்கள் காலையிலேயே முறைப்படி சொல்லப்பட்டுவிட்டன. நீருக்கும் மீனுக்கும், மரத்துக்கும் பறவைக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவர் சொல்லிவிட்டார். எனக்கு மிச்சம் இருப்பது ஒரு சின்ன வேலை. நம் ஊரின் லாக்ரோஸ் அணியான வில்லோ பெண்ட் நாரைகளுக்கு ஐம்பது வயது. அதன் முதல் மூன்று பருவங்களைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் அந்த நாளில் நம் வார இதழுக்கு ஆட்டச் செய்தி எழுதியவன். குறிப்பேட்டில் உள்ளதைச் சொல்வேன். இல்லாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்றால், அதையும் சொல்லிவிடுவேன்.

முதல் பருவம், 1972. எத்தனை ஆட்டம்? பதினெட்டு. எத்தனை வெற்றி?

யாரது, பின்னால் சிரிப்பது? சிரியுங்கள், சிரிக்கலாம். வெற்றி இல்லை. ஒன்றுகூட இல்லை. முதல் ஆட்டத்தில் இருபத்து மூன்றுக்கு நான்கு என்று தோற்றோம். இந்த மண்ணின் பூர்வகுடிகளான நாம் கொடுத்து உலகம் கற்ற ஆட்டம் இது. படைத்தவனை மகிழ்விக்க ஆடும் ஆட்டம், நோயாளிக்கு மருந்தாக ஆடும் ஆட்டம். அந்த ஆட்டத்தில் நம் பிள்ளைகள் பதினெட்டு முறை தோற்றார்கள். ஏன் தோற்றார்கள்? ஓடத் தெரியாமலா? உதறித் தள்ளத் தெரியாமலா? இல்லை. நம் பிள்ளைகள் திறந்த வெளியில் ஆடி வளர்ந்தவர்கள். நகர அணிகளோடு போட்டியிட நாம் சேர்ந்த கூட்டமைப்பின் ஆட்டமோ கோடையில் பனி நீக்கிய பனிச்சறுக்குக் கூடத்துக்குள், பலகைச் சுவர் நான்குக்கு நடுவே, கடிகாரம் வைத்து ஆடுவது. சுவரில் பட்டுத் திரும்பும் பந்து எங்கே வரும் என்று தெரிந்துகொள்ளவே ஒரு பருவம் போயிற்று.

இரண்டாம் பருவத்தில் நான்கு வெற்றி. நான்கையும் நான் தலைப்புச் செய்தியாகப் போட்டேன். அதே பருவத்தில் ஓர் ஆட்டத்துக்கு நாம் போகவே இல்லை. ஆட்டக்காரன் ஒருவனுடைய தகப்பனார் தவறிவிட்டார். பத்தாம் நாள் விருந்து முடியும்வரை மட்டையைத் தொடுவதில்லை என்று அணி முழுவதும் முடிவு செய்தது. அது சரியான முடிவு. அன்றும் சரி, இன்றும் சரி. ஆனால் கூட்டமைப்பிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. களமிறங்காமல் போன அணி இன்னொரு முறை களமிறங்கத் தவறினால் உறுப்பினர் தகுதி நீங்கும் என்பது விதி. அந்த விதியை அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தார்கள். பயிற்சியாளர் டெல்பர்ட் ஸ்கை அந்தக் கடிதத்தைத் தம் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அதைப் படிக்காமல் யாரும் மட்டையை எடுக்க முடியாது.

இப்போது இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆர்வல் கார்லோ. ஹிக்கரி என்ற கடினமான மரத்தைப் பிளந்து, நீராவியில் வளைத்து, நுனியில் தோல்வார் வலை பின்னி, மட்டை செய்தவர். நம் அணியின் மட்டைகளும் அவர் செய்தவை. எதிரணிகளின் மட்டைகளும் பெரும்பாலும் அவர் செய்தவைதாம். இந்த அணியைத் தொடங்குவதற்குக் கூட்டம் போட்டபோது எழுந்து நின்று எதிர்த்த ஒரே ஆள் அவர். அவர் பேசியது என் குறிப்பேட்டில் இருக்கிறது.

“இந்த ஆட்டம் நமக்குக் குடுக்கப்பட்டது. டிக்கெட் கிழிச்சு உள்ள விடுறதுக்கு இல்ல. மணி அடிச்சா நிறுத்து, விசில் ஊதினா ஆடுன்னு எவனோ சொல்ல, நம்ம பசங்க தலையாட்டணுமா? மட்டை வேணுமா, செஞ்சு தரேன். அந்தக் கூடத்துக்குள்ள மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க.”

டெல்பர்ட் பதில் சொன்னார்: “மச்சான், வந்து ஒரு ஆட்டம் பாத்துட்டுத் திட்டேன்.”

“பாக்காமலே நல்லாத் திட்டுவேன் மாப்பிள்ளை.”

ஆர்வலும் டெல்பர்ட்டின் மனைவி வெர்னாவும் ஆமைக் குலம். ஆகவே அண்ணன், தங்கை. ஆகவே டெல்பர்ட்டும் ஆர்வலும் மாப்பிள்ளை, மச்சான். முறை சரி, முகம்தான் சரியில்லை. மூன்று பருவம் ஆர்வல் ஒரு கூடத்துக்குள்ளும் காலடி வைக்கவில்லை.

கதைக்கு வந்துவிட்டேன், வந்துவிட்டேன்! 1974, ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. மார்ஸ்டனில் ஆட்டம். அந்தப் பருவத்தில் அதுவரை ஏழு ஆட்டத்தில் ஐந்து வென்றிருந்தோம். வில்லோ பெண்டில் ஒருவரைத் தவிர, நடக்கக்கூடிய ஆண் எல்லாரும் அன்று காலையிலேயே கார் ஏறிவிட்டார்கள்.

டெல்பர்ட்டுக்கு வாரம் முழுவதும் பாலத்தில் இரும்பு வேலை. வழக்கமாக அவர் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, தாமே எல்லாவற்றையும் பேருந்தில் ஏற்றுவார். அந்த வாரம் சனிக்கிழமையும் வேலை. ஞாயிறு காலை நேராகப் பேருந்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லி, வெர்னாவைத் தொலைபேசியில் அழைத்தார். “கொட்டகையில இருக்கற சாமான் எல்லாத்தையும் பஸ்ல ஏத்திடு.” “சரி.” அவ்வளவுதான் பேச்சு.

வெர்னா ஏற்றினார். தலைக்கவசம் இருபத்தொன்று ஏற்றினார். தோள் காப்பு, கை காப்பு, கையுறை ஏற்றினார். சட்டைகளைத் துவைத்து மடித்து ஏற்றினார். தண்ணீர்க் குடம் ஏற்றினார், கட்டுத்துணி ஏற்றினார், சூப் பானையை ஆடாமல் வைத்து ஏற்றினார். ஏற்றாதது ஒன்றே ஒன்று.

இங்கே இருக்கும் எவருக்கும் நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை, மார்ஸ்டன் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பெண்கள் ஆண்களின் மர மட்டையைத் தொடுவதில்லை. தள்ளி வைக்கவும் மாட்டார்கள், தாண்டிப் போகவும் மாட்டார்கள். வெறுப்பினால் அல்ல, அந்த மட்டைக்கு இருக்கும் மருந்துக்கு, அதாவது குணமாக்கும் சக்திக்கு, மரியாதை அது. புதன்கிழமை மாலைப் பயிற்சிக்கு வந்த டெல்பர்ட் அத்தனை மட்டைகளின் தோல்வாரையும் இறுக்கி, கொட்டகையில் வரிசையாக மாட்டிவிட்டுப் போயிருந்தார். வெர்னா அவற்றைப் பார்த்தார். “இதை அவரே எடுத்துக்குவார். என்னையா எடுக்கச் சொல்வார்?” என்று நினைத்தார். டெல்பர்ட் என்ன நினைத்தார்? ஒன்றும் நினைக்கவில்லை. ‘எல்லாம்’ என்றால் எல்லாம் என்று இருந்துவிட்டார். திருமணமாகிப் பதினான்கு வருடம்!

வெர்னா அக்கா முன்வரிசையிலிருந்து கை ஆட்டுகிறார். என்ன அக்கா? ... பதினைந்தா? என் குறிப்பில் பதினான்கு. திருத்திக்கொள்கிறேன்.

மார்ஸ்டன் கூடத்துக்குப் பேருந்து போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். பின்கதவைத் திறந்து ஒவ்வொன்றாக இறக்கினார்கள். இறக்கி முடித்தார்கள். ஒருவன் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தான். இன்னொருவன் பேருந்தின் கூரையில் ஏறிப் பார்த்தான். கோல்கீப்பர் க்ளேட்டன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“மாமா, மட்டை எங்க?”

“அடியில கிடக்கும், பாரு.”

“அடியில சூப்புதான் மாமா இருக்கு.”

ஒருவன் சிரித்தான். ஒருவன் கேட்டான், “கையால எறிஞ்சா கோல் குடுப்பாங்களா?” டெல்பர்ட் சிரிக்கவில்லை. கூடத்து அலுவலகத் தொலைபேசிக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். அவர் பேசியதை நேரில் கேட்டேன். வெர்னா பேசியதைப் பிறகு அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டேன்.

“வெர்னா, மட்டையெல்லாம் எங்க வெச்ச?”

“எங்கயும் வெக்கல. மாட்டின இடத்துல மாட்டினபடி இருக்கு.”

“எல்லாத்தையும் ஏத்துன்னு சொன்னேனே!”

“எல்லாத்தையும் ஏத்தினேன். மட்டையை நான் எப்படி ஏத்துவேன்?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. டெல்பர்ட் சொன்னது இதுதான்: “ஆமா. எப்படி ஏத்துவ. தப்பு என்னுது.”

“புலம்பாத, யோசி. எத்தனை மணி வரைக்கும் விடுவாங்க?”

“ரெண்டு மணிக்கு ஆட்டம். ரெண்டரை வரைக்கும் பொறுப்பாங்க. அதுக்கு மேல போனா அணியே இல்ல வெர்னா. கடுதாசியைத்தான் நீயும் தினம் பாக்குறியே.”

“ஆம்பள எவனாவது மிச்சம் இருக்கானான்னு பாக்குறேன். ஃபோனை வை.”

மார்ஸ்டனில் மட்டையே கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்குமே! கூடத்துக்கு எதிரிலேயே இரும்புக்கடை. கண்ணாடிக்குப் பின்னால் முப்பது மட்டை தொங்கிற்று, முப்பதும் ஆர்வல் கார்லோ செய்தவை. ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் பூட்டு. கடைக்காரர் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மார்ஸ்டன் பயிற்சியாளரிடம் கடன் கேட்டார் டெல்பர்ட். அவர் தலையைச் சொறிந்தார். “வருத்தமாத்தான் இருக்கு டெல்பர்ட். ஆனா எங்களுக்கு ரெண்டு புள்ளி வேணும்” என்றார். விருந்தினர்களே, தலை குனிய வேண்டாம். நாமாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம்.

அங்கே அப்படி. இங்கே எப்படி? வெர்னா பக்கத்து வீட்டுக்குப் போனார், பெண்கள் மட்டும். எதிர்வீடு, பெண்கள் மட்டும். ஸ்ட்ராபெரி பறிக்கும் தோட்டத்தில் பதினோரு பேர், பதினோரு பேரும் பெண்கள். ஊரில் மிச்சம் இருந்த ஒரே ஆண் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஆட்டம் பார்க்கப் போகாத ஒரே ஆண் யார்?

ஆர்வல் பட்டறையில் நீராவிப் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். வெர்னா காரை விட்டு இறங்காமலே சொன்னார்.

“அண்ணே, அடுப்பை அணைச்சுட்டு வா. பசங்க மட்டை இல்லாம மார்ஸ்டன்ல நிக்கறாங்க.”

ஆர்வலுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். “மட்டை இல்லாம லாக்ரோஸ் ஆடப் போனாங்களா! மூணு வருஷம் விசில் சத்தம் கேட்டா மூளை இப்படித்தான் ஆகும்.”

“சிரிச்சு முடிச்சுட்டியா? என் வீடு வரைக்கும் வந்து கார்ல ஏத்தி விடு. அது போதும். ஆட்டத்தைப் பாக்கச் சொல்லல.”

“நான் ஏத்தலைன்னா?”

“அணி போயிடும்.”

“நான் வேணாம்னு சொன்ன அணிதானே?”

“ஆமா. நீ வேணாம்னு சொன்ன அணிதான்.” வெர்னா அதற்கு மேல் கெஞ்சவில்லை. வண்டியை உறுமவிட்டுக்கொண்டு காத்திருந்தார்.

ஆர்வல் அடுப்பை அணைத்தார். தோல் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்தார். கொட்டகைக்குள் போனார், கடிதத்தைப் படித்தார், மட்டைகளை எடுத்தார். இருபத்தொரு மட்டை. வெர்னாவின் காரோ இரண்டே கதவுள்ள சின்னக் கார். பின்னிருக்கையில் அடுக்கியதும் மட்டைகளின் தலைகள் முன்னிருக்கைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டு, ஓட்டுகிறவரின் முழங்கைக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றன.

“அண்ணே, வளைவுல இது என் மேல சரியும்.”

“மெல்ல ஓட்டு.”

“மெல்ல ஓட்டினா மூணு மணிக்குத்தான் போவேன். வேகமா ஓட்டினா இது என் மேல படும். ஸ்டியரிங்ல இருந்து கையை எடுத்து ஒதுங்கினா கார் வாய்க்கால்ல இறங்கும். எது வேணும், சொல்லு.”

ஆர்வல் மட்டைகளைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபக்கக் கதவைத் திறந்து வெர்னாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருபத்தொரு மட்டையையும் தம் பக்கமாக அணைத்துப் பிடித்துக்கொண்டார். “வாசல் வரைக்கும்தான். உள்ள வர மாட்டேன்” என்றார். மணி ஒன்று பதினான்கு.

வழியெல்லாம் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஆர்வல், “ஒண்ணும் பேசல” என்றார். வெர்னா, “வாயை மூடவே இல்ல, வழி நெடுக அணியைத் திட்டிக்கிட்டே வந்தாரு” என்றார். எது உண்மை என்று இன்றுவரை நான் தீர்மானிக்கவில்லை.

மார்ஸ்டனில் மணி இரண்டேகால். நம் பிள்ளைகள் சட்டை அணிந்து, கவசம் அணிந்து, வெறுங்கையோடு தளத்தில் வரிசையாக நின்றார்கள். எதிரே மார்ஸ்டன் அணி மட்டையோடு நின்றது. நடுவில் கூட்டமைப்புச் செயலர் திரு. ஃபிஞ்ச், கையில் மூடி போட்ட பைக்கடிகாரத்தோடு நின்றார். கெட்ட மனிதர் அல்ல, கடிகாரத்தை நம்புகிற மனிதர். பார்வையாளர் வரிசையில் யாரோ கத்தினார்கள், “என்னப்பா, நடனமா ஆடப் போறீங்க?” டெல்பர்ட் முன்வாசல் சாலையில் நின்று, வருகிற ஒவ்வொரு காரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஆண்கள் அத்தனை பேரும் அவரோடு சாலையில் நின்றார்கள்.

இரண்டு இருபது. கார் வரவில்லை.

இரண்டு இருபத்து மூன்று. கார் வந்துவிட்டது! ஆனால் யாரும் பார்க்கவில்லை. ஆர்வலின் பேச்சைக் கேட்டு வெர்னா கல்குவாரிச் சாலையில் திரும்பியிருந்தார். அந்தச் சாலை கூடத்தின் பின்வாசலில் கொண்டு விட்டது. வெர்னா ஒலிப்பானை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். ஆள் வரவில்லை. அத்தனை ஆண்களும் முன்னால்!

“அண்ணே, நேரம் ஆகுது.”

“வாசல் வரைக்கும்னு சொன்னேன்.”

“வாசல் வந்தாச்சு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல? என்னால இதைத் தொட முடியாது. உன்னால முடியும்.”

நான் அப்போது தளத்தின் ஓரம் உட்கார்ந்திருந்தேன். பின்கதவு திறந்தது. வெளிச்சத்துக்கு நடுவே ஓர் ஆள். தோல் ஏப்ரன், முழங்கைவரை மரச்சீவல், நெஞ்சோடு சேர்த்து அணைத்த இருபத்தொரு மட்டை. மூன்று வருடம் காலடி வைக்க மறுத்த கூடத்துக்குள், அவர் ஓடி வரவில்லை, நடந்து வந்தார். எதிர்த்தவர் வந்தார். ஏசியவர் வந்தார். இந்த அணி நமக்கு வேண்டாம் என்று எழுந்து நின்று சொன்னவர் வந்தார்!

திரு. ஃபிஞ்ச் கையை நீட்டித் தடுத்தார். “தளத்துக்குள்ள அணி நிர்வாகிகள் மட்டும்தான் வரலாம். நீங்க நிர்வாகியா?”

“இல்ல. நான் இந்த அணிக்கு எதிரி.”

“எதிரியா?”

“ஆமா. மட்டை குடுக்க வந்தேன். கொஞ்சம் தள்ளுறீங்களா?”

அவர் தள்ளினார்.

அப்புறம் நடந்ததை நான் சரியாகச் சொல்ல வேண்டும். ஆர்வல் அந்தப் பிள்ளைகள் ஆடி ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை. யார் முன்வரிசை, யார் காவல் என்று அவருக்குத் தெரியாது. சட்டை எண் தெரியாது. ஆனால் எந்த மட்டை எவன் கைக்கு என்று தெரியும். “இது இடதுகைக்காரன் மட்டை, பிடி. இது உயரமானவன். கனமா வேணும்னு கேட்டு வாங்கினவன் நீதானே, இந்தா. க்ளேட்டன், உன் மட்டையோட வாயை அகலமா வெச்சுருக்கேன், அப்பவும் பந்தை விட்டா என்கிட்ட வராத.” கேட்காமல், திகைக்காமல், தவறாமல் கொடுத்துக்கொண்டே போனார். கடைசி மட்டை கைமாறியபோது திரு. ஃபிஞ்ச் கடிகாரத்தை மூடினார். இரண்டு இருபத்தொன்பது.

நாம் களமிறங்கினோம்!

தட்டுங்கள், தட்டுங்கள். தட்டி முடித்ததும் இதையும் கேளுங்கள். அந்த ஆட்டத்தில் பன்னிரண்டுக்குப் பத்து என்று தோற்றோம். ஆம், தோற்றோம். பத்திரிகைக்காரன் மாற்றி எழுத முடியாது. ஆர்வல் ஆட்டம் முழுவதும் பின்வாசலில் நின்றார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கேட்டவர்களிடம், “நான் எங்க உள்ள வந்தேன்?” என்றார்.

புதன்கிழமை அணியின் கூட்டம். டெல்பர்ட் எழுந்தார். “என் தப்பால அணி போயிருக்கும். வேற ஆளைப் பாத்துக்கங்க” என்று சொல்லிப் பேருந்துச் சாவியை மேசைமேல் வைத்தார். வெர்னா பின்னாலிருந்து சொன்னார், “பாதித் தப்பு என்னுது. ஏத்த மாட்டேன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்.” அப்போது ஆர்வல் எழுந்தார். அணியே வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. நேற்றுவரை அவர் சொன்னதெல்லாம் சரியென்று காட்ட ஒரு சாட்சியே கிடைத்துவிட்டது.

அவர் சொன்னார்: “என் எண்ணம் மாறல. அந்தக் கூட்டமைப்புல நீங்க சேர்ந்தது தப்பு. இன்னைக்கும் தப்பு. ஆனா தப்பான இடத்துல ஆடினாலும் நம்ம பசங்க கையில மட்டையோட ஆடட்டும். மாப்பிள்ளை, நீ சாவியை எடு. மட்டையை ஏத்துறது இனிமே என் வேலை.”

அன்றே அணியின் விதிப்புத்தகத்தில் ஒரு பதவி எழுதப்பட்டது. மட்டைப் பொறுப்பாளர். இந்தக் கண்டத்தில் வேறெந்த அணியிலும் அப்படி ஒரு பதவி உண்டா என்று நான் விசாரித்தேன். இல்லை.

தாய்மார்களே, பெரியோர்களே! ஓர் அணியை எது காக்கிறது? வெற்றியா? முதல் பருவத்தில் நம்மிடம் அது இல்லை. விதியா? விதி நம்மை வெளியேற்றத்தான் காத்திருந்தது. ஒற்றுமையா? நாம் ஒற்றுமையாக இருக்கவில்லையே! நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆர்வல் கார்லோ இருபத்திரண்டு பருவம் அந்தப் பொறுப்பில் இருந்தார். ஓர் ஆட்டத்துக்கும் ஒரு மட்டை தவறியதில்லை. இருபத்திரண்டு ஆண்டும், ஆண்டுக் கூட்டத்தில் கூட்டமைப்பை விட்டு விலக வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். இருபத்திரண்டு முறையும் அதற்கு ஆதரவாக ஒரே ஒரு கை உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் அந்தக் கையை இறக்கிவிட்டு, எழுந்து போய், மட்டைகளைப் பேருந்தில் ஏற்றினார்.

இந்த வாய்ப்பைத் தந்த தலைவர் அம்மையாருக்கும், என்னைத் திருத்திய வெர்னா அக்காவுக்கும், பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. சூப் ஆறும் முன் அமர்கிறேன். வணக்கம்.